சின்ன வகுப்பில் லீடர், பொறுப்பு, சண்டை, சமாதானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அங்கன்வாடி, எல்கேஜியில் தொடங்கி மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பில் பொறுப்பு கொடுப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. யாருக்கு என்ன அதிகாரம் என்பதையும் சண்டை வந்தால் என்ன செய்வது என்பதையும் பிரித்துப் பேச முடியாது என்பதால் இரண்டும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

சின்னப் பிள்ளைங்களுக்கு எதுக்குங்க பொறுப்பெல்லாம்? படிச்சா போதாதா?

பொறுப்பே இல்லாத வகுப்பு என்று ஒன்று கிடையாது. சாக்பீஸ் எடுத்து வர யாரை அனுப்புகிறீர்கள், பக்கத்து வகுப்புக்குத் தகவல் சொல்ல யார் போகிறார், யாரை ஒருநாளும் கூப்பிடுவதில்லை என்பதை நான்கு வயதுப் பிள்ளையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் திட்டமிட்டுப் பங்கிடவில்லை என்றால் பங்கீடு தானாக நடக்கும். அப்போது சுறுசுறுப்பான நான்கைந்து பேரிடமே எல்லாம் போய்ச் சேரும்.

படிப்புக்கும் இது வெளியே இல்லை. மதிய உணவுக்குத் தலை எண்ணுவது கணக்கு. வராத பிள்ளையின் பெயர் அட்டையைத் தேடி எடுப்பது வாசிப்பு. அதைவிட முக்கியமானது, தன் கையில் கொஞ்சம் அதிகாரம் வரும்போது அதை என்ன செய்வது என்பதைப் பிள்ளை பழகிப் பார்க்கும் முதல் இடம் வகுப்பறைதான். வீட்டில் அம்மா அப்பா சொல்படி நடக்கும் பிள்ளைக்கு, தன் வயதுப் பிள்ளைகள் 30 பேருக்கு நடுவில் இருப்பது புது அனுபவம். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, கல்வியின் நோக்கங்களில் ஒன்றாகச் சமாதானமும் சகிப்பும் நிறைந்த வாழ்க்கைக்குப் பிள்ளையைத் தயார்படுத்துவதைச் சொல்கிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது.

எந்தெந்த வேலைய கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் போதும். பொருளையோ இடத்தையோ நேரத்தையோ பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுங்கள். இன்னொரு பிள்ளையைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பாய் விரித்துச் சுருட்டுவது, கை எட்டும் உயரம் வரை கரும்பலகை துடைப்பது, வாசிப்பு மூலைப் புத்தகங்களை எண்ணி அடுக்குவது, வாசலில் செருப்புகளை ஜோடியாக வைப்பது, செடிக்குத் தண்ணீர், சாப்பாட்டுக்கு முன் கை கழுவும் இடத்தில் சோப்பு எடுத்து வைப்பது, இடைவேளைக்கு மணி அடிப்பது எல்லாம் மூன்று வயதுக்கு மேல் முடியும். தண்ணீர் ஊற்றும் வேலைக்கு அரை லிட்டர் ஜக்கில் பாதிதான் நிரப்பிக் கொடுக்க வேண்டும். முழு ஜக் என்றால் சிந்தும், சிந்தினால் திட்டு விழும், அப்புறம் அந்தப் பிள்ளை ஜக்கைத் தொடாது. துடைக்கத் துணியைப் பக்கத்திலேயே வையுங்கள். சிந்தியதைத் துடைப்பதும் அந்த வேலையின் பகுதி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று, ‘வராதவரை விசாரிப்பவர்’. நேற்று வராத பிள்ளை இன்று வந்ததும் அருகில் போய், “காய்ச்சல் போச்சா? நேத்து இந்தப் பாட்டுப் பாடுனோம்” என்று சொல்வது மட்டும்தான் வேலை. வகுப்பில் சேர்க்கை என்றால் என்ன என்பதை எந்த நீதிக்கதையையும் விட இது தெளிவாகக் கற்றுத் தருகிறது.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. கழிப்பறை கழுவுவது, சூடான சோறு சாம்பார் பாத்திரம் தூக்குவது, சாலை தாண்டிக் கடைக்குப் போவது, தொட்டியில் தண்ணீர் மொள்வது, மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்தி மார்க் போடுவது, பிரம்பையோ ஸ்கேலையோ கையில் பிடித்து நிற்பது.

பேசுனவங்க பேர லீடர் போர்டுல எழுதுறது காலங்காலமா இருக்கறதுதானே. அதுல என்ன தப்பு?

நம் பள்ளிகளில் சிறுவர் அதிகாரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டீச்சர் வெளியே போகிறார். லீடர் சாக்பீஸோடு பலகை ஓரம் நிற்கிறாள். முதல் பெயர் விழுகிறது. பெயர் விழுந்தவன், “நான் பேசவே இல்ல” என்று கத்துகிறான். கத்தியதற்காகப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. தோழியின் பெயர் மட்டும் எப்போதும் வருவதில்லை. முன்பெஞ்சிலிருந்து ஒரு பென்சில் துண்டோ உப்புத் தொட்ட நெல்லிக்காயோ நீளுகிறது, ஒரு பெயர் அழிகிறது. டீச்சர் உள்ளே வந்ததும் பலகையைப் பார்த்து, எதையும் விசாரிக்காமல் பெயருள்ளவர்களை எழுந்து நிற்கச் சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் வகுப்பு கற்றது இவ்வளவும்: குற்றம் சாட்டுபவரே சாட்சியும், எழுதப்பட்டால் அது உண்மை, வேண்டியவருக்கு விலக்கு உண்டு, வாதாடினால் தண்டனை கூடும்.

லீடருக்கும் இதில் நன்மை இல்லை. பெயர் எழுதுவதில் ருசி கண்டுவிட்டால் அது ஒரு கெடுதல். ருசி காணாத பிள்ளைக்கோ வேறு கஷ்டம். எழுதினால் பிள்ளைகள் பகை, எழுதாவிட்டால் டீச்சர் கோபம். இடைவேளையில் அவளை யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்துவது நியாயமில்லை.

சட்டமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. லீடரை விட்டுத் தலையில் கொட்டச் சொல்வதும் முட்டிபோட வைப்பதும் டீச்சரே செய்த தண்டனைதான். கை மட்டும் பிள்ளையுடையது.

அப்ப நான் அஞ்சு நிமிஷம் ஹெச்.எம். ரூமுக்குப் போனா கிளாஸ யார் பாத்துக்குவா?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் ஒருவர் இல்லாமல் விட்டுப் போகவே கூடாது. ஆயாவோ உதவியாளரோ உள்ளே வரும்வரை காத்திருங்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு, பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி இடைக்கதவைத் திறந்து வையுங்கள். போகும் முன் பிள்ளைகளுக்கு முடிவு தெரிந்த வேலை ஒன்று கையில் இருக்க வேண்டும். “சத்தம் போடாம இருங்க” என்பது வேலை இல்லை. “ஆளுக்கு அஞ்சு படம் வரைஞ்சு பக்கத்துல பேர் எழுதுங்க” என்பது வேலை. லீடர் தேவையே இல்லை, ஓரளவு சத்தம் இருக்கும், இருக்கட்டும்.

1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் மூவரும் பத்து வயதையொட்டிய பையன்களின் சிறு குழுக்களை வைத்து இதைச் சோதித்தார்கள். உத்தரவு மட்டுமே போடும் பெரியவர் நடத்திய குழுவில், அவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை சட்டென்று சரிந்தது. கலந்து பேசி முடிவெடுத்த குழுவில் அவர் போன பிறகும் வேலை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. உத்தரவுக் குழுக்களில் கோபத்தை ஒரே பையன் மேல் எல்லாரும் சேர்ந்து கொட்டுவதையும் பார்த்தார்கள். நீங்கள் வெளியே போனதும் வகுப்பு கலைந்துவிடுகிறது என்றால், நீங்கள் உள்ளே இருக்கும்போது எப்படி நடக்கிறது என்பதில் காரணத்தைத் தேடுங்கள்.

எத்தன நாளைக்கு ஒரு தடவ பொறுப்ப மாத்தணும்?

மூன்று நான்கு வயதுக்குத் தினமும், ஐந்து வயதுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஒன்றாம் வகுப்பிலிருந்து வாரம் ஒருமுறை. சின்னவர்களுக்கு ‘அடுத்த வாரம்’ என்பது கண்ணுக்கெட்டாத தூரம். தன் முறை வருமா என்ற சந்தேகத்திலேயே பாதிச் சண்டை வரும்.

எல்லா வேலையும் இருவராகச் செய்வது நல்லது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் இருவரையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒருவரை மட்டும் மாற்றுங்கள். பழையவர் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பார், அடுத்த வாரம் அவர் விலகுவார். 30 பிள்ளைகள், 5 வேலைகள் என்றால் வாரம் 5 புதியவர்கள் வருவார்கள், 6 வாரத்தில் ஒரு சுற்று முடியும். ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் ‘நிச்சொகு’ என்ற முறை உண்டு. வணக்கம் சொல்லி வகுப்பைத் தொடங்குவது, பலகை துடைப்பது போன்ற அன்றாடப் பொறுப்பு ஓரிருவரிடம் தொடங்கி வகுப்பு முழுவதையும் சுற்றி வரும். படிப்பில் முந்தியவர், பிந்தியவர் என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

யார் பெயர் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வருகைப் பதிவேட்டு வரிசை வேண்டாம். பல பள்ளிகளில் அதில் பையன்கள் முழுக்க முடிந்த பிறகுதான் பெண் பிள்ளைகள் வருவார்கள். எடுத்த சீட்டை டப்பாவில் திரும்பப் போடாமல் தனியே வைத்தால், எல்லாருக்கும் வந்த பிறகே மறுசுற்று என்பது பிள்ளைகளுக்கே கண்ணால் தெரியும். வேலையின் படம் ஒட்டிய அட்டைகளைப் பிள்ளையின் கண் உயரத்தில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, பெயர் எழுதிய துணி கிளிப்பை மாட்டினால் போதும். டீச்சர் கண் உயரத்தில் மாட்டிய அட்டவணை பிள்ளைகளுக்குப் பயன்படாது.

நல்லா படிக்கிற பிள்ளைக்குத்தானே லீடர் கொடுக்கணும்? இல்லன்னா எலெக்‌ஷன் வெச்சுடலாமா?

ரேங்க்குக்குப் பரிசாகப் பொறுப்பைக் கொடுத்தால், படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வகுப்பில் இருக்கும் ஒரே மரியாதையான இடமும் அடைபடும். பேச்சுத் திக்கும் பிள்ளை, சக்கர நாற்காலிப் பிள்ளை, கணக்கே ஏறாத பிள்ளை எல்லாருக்கும் முறை வர வேண்டும். வேலையைப் பிள்ளைக்கேற்ப மாற்றுங்கள், முறையைத் தாண்டாதீர்கள்.

மூன்றாம் வகுப்புக்குக் கீழே ஆளைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வேண்டாம். அந்த வயதில் ஓட்டு தன் பக்கத்தில் உட்காருபவருக்கோ மிட்டாய் தந்தவருக்கோ போகும். இரண்டே ஓட்டு வாங்கிய பிள்ளை அதை ஆண்டு முழுவதும் சுமக்கும். ஓட்டுப் போடும் பழக்கம் வேண்டுமென்றால் ஆட்களை விட்டுவிட்டுக் காரியங்களுக்கு வையுங்கள்: இன்று எந்தக் கதை, செடி எந்தப் பக்கம். தோற்ற கதையை நாளை படிப்போம் என்று சொல்லி, மறக்காமல் படியுங்கள்.

சேட்டை பண்ற பையன லீடராக்குனா அடங்கிடுவான்னு சொல்றாங்களே?

ஒரு வாரம் அடங்குவான். எழுந்து நடமாட வழியும் டீச்சரின் கவனமும் கிடைத்துவிட்டன, அவனுக்குத் தேவைப்பட்டதும் அவைதான். அதற்குள் மற்ற 29 பேரும், அடித்தால் லீடர் ஆகலாம் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அவனும் ஏற்கெனவே கையால் செய்ததை இப்போது பதவியின் பேரில் செய்வான். பேட்ஜைத் திரும்ப வாங்கும் நாளில் பிரச்சினை இரட்டிப்பாகும்.

நடமாட்டமும் கவனமும்தான் தேவை என்றால் அவற்றை நேராகக் கொடுங்கள். பாய் சுமப்பது, மணி அடிப்பது, நோட்டு விநியோகம் என்று உடம்பு அசையும் வேலை, அதுவும் அவன் முறை வரும்போது. முறை வராத வாரங்களில் காலையில் இரண்டு நிமிடம் அவனோடு மட்டும் பேசுங்கள். அதற்குப் பதவி வேண்டியதில்லை.

கிளாஸ்ல பொறுப்பு கொடுத்ததுலேர்ந்து என் பொண்ணு வீட்டுலயும் எல்லாரையும் அதட்டுறா. என்ன பண்றது?

அவள் டீச்சர் விளையாட்டு விளையாடுவதைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். ஜன்னல் கம்பிகளை வரிசையாக மாணவர்களாக்கி, “உனக்கு எத்தன தடவ சொல்றது?” என்று குச்சியால் தட்டுகிறாளா? தலையணைக்குப் பக்கத்தில் குனிந்து, “எது புரியல?” என்று கேட்கிறாளா? கண்ட அதிகாரத்தைத்தான் பிள்ளை நடித்துக் காட்டும். குச்சி வருகிறதென்றால் வகுப்பாசிரியரிடம் கோபப்படாமல் போய்க் கேளுங்கள்: இந்த வாரம் இவளுக்கு என்ன வேலை, அதில் மற்ற பிள்ளைகளை அதட்ட வேண்டியிருக்கிறதா?

வீட்டில் அதட்டினால், “லீடருக்கு இங்க வேலை இல்ல” என்று மட்டம் தட்ட வேண்டாம். “தம்பிய உக்கார வைக்கறது உன் வேலை இல்ல, தட்டு எடுத்து வைக்கறது உன் வேலை” என்று வேலையைப் பொருளின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

கலர் பென்சில், பொம்மை பத்தலன்னுதானே சண்டை வருது? நிறைய வாங்கிப் போட்டா சரியாகாதா?

அடிப்படைப் பொருள்கள் போதுமான அளவு இருக்கத்தான் வேண்டும். 30 பிள்ளைகளுக்கு நான்கு கத்தரிக்கோல் என்றால் அங்கே நடக்கும் சண்டைக்குப் பிள்ளைகள் பொறுப்பில்லை. ஆனால் எல்லாவற்றிலும் ஆளுக்கொன்று என்றால் காத்திருக்கவும் கேட்டு வாங்கவும் தருணமே வராது. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, தன் வகுப்புகளில் ஒவ்வொரு கருவியையும் ஒன்றே ஒன்றுதான் வைத்தார். எடுத்தவர் முடித்துத் திரும்ப அலமாரியில் வைக்கும்வரை அது அவருடையது, பிடுங்க முடியாது. அடுத்தவர் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இதில் ‘ஷேர் பண்ணு’ என்ற கட்டளையே இல்லை. தன் கையிலிருப்பதை யாரும் பிடுங்க மாட்டார்கள் என்று உறுதியானால் பிள்ளை தானாகவே சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

சண்டைய பிள்ளைங்களே தீத்துக்கற மாதிரி எப்படிப் பழக்கறது? படிப்படியா சொல்லுங்க.

வகுப்பின் ஒரு ஓரத்தில் இருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கோரைப்பாய் போடுங்கள். தண்டனைக்கு நிற்கவைக்கும் மூலை அதுவாக இருக்கக் கூடாது. பேசுபவர் கையில் பிடிக்க ஒரு துணிப்பந்து. கூழாங்கல், மரத்துண்டு வேண்டாம், கோபத்தில் பறக்கும்.

சண்டை இல்லாத நேரத்தில்தான் பழக்க வேண்டும். இரண்டு விரல் பொம்மைகளை வைத்து, வாரம் இரண்டு முறை, பத்துப் பத்து நிமிடம், இரண்டு வாரமாவது நடித்துக் காட்டுங்கள். பிறகு உண்மையான சண்டையில்:

முதலில் இருவரும் ஆளுக்குக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு இறங்கட்டும். வலித்த பிள்ளை கையில் முதலில் பந்து. “என்ன நடந்துச்சு?” என்று கேளுங்கள். “ஏன் அடிச்ச?” என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்றதும் பிள்ளை சாக்குத் தேட ஆரம்பிக்கும். சொன்னதை நீங்கள் ஒரு வரியில் திருப்பிச் சொல்லுங்கள். பந்து மற்றவர் கைக்குப் போகும், அதே கேள்வி. அடுத்து இருவரிடமும், “உனக்கு இப்ப என்ன வேணும்?” கடைசியாக, “ரெண்டு பேரும் என்ன செய்யலாம்?” அவர்கள் சொல்லும் தீர்வு உங்களுக்கு அசட்டுத்தனமாகப் பட்டாலும் இருவருக்கும் சம்மதம் என்றால் விடுங்கள். மொத்தம் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று நான்கு வயதில் வாக்கியங்களை நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும். ஐந்து ஆறில் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஏழு எட்டில் காது கேட்கும் தூரத்தில் இருங்கள்.

கெட்டுப்போகும் வழிகள் நான்கு. “போய்ப் பாய்ல உக்காரு” என்று அனுப்பினால் அதுவே தண்டனையாகிவிடும். அழுகை அடங்கும் முன் தொடங்கினால் எதுவும் காதில் ஏறாது. சுற்றிக் கூட்டம் சேர்ந்தால் இருவரும் கூட்டத்துக்காகப் பேசுவார்கள். நடுவில், “தப்பு உன் மேலதான்” என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டால் அடுத்த முறை யாரும் பாய்க்கு வர மாட்டார்கள்.

பிள்ளைகளிடம் ஏற்கெனவே ‘கா’ விடுவதும் ‘பழம்’ விடுவதும் இருக்கின்றன. பழம் விட ஒரு நொடி போதும், நடுவர் வேண்டாம், இருவரும் விரல் நீட்டினால்தான் செல்லும். அவர்களே அப்படி முடித்துக்கொண்ட சண்டையைத் திரும்பக் கிளறிப் பாய்க்குக் கூட்டி வராதீர்கள். ஆனால் ஒரு பிள்ளை, “அவகூட எல்லாரும் கா” என்று அறிவித்தால் அது வேறு விஷயம். அது இருவர் சண்டை இல்லை, ஒருத்தியை ஒதுக்கும் அதிகாரம். அங்கே நீங்கள் நுழைய வேண்டும்.

ஒரு பிள்ளைய ‘சமாதானத் தூதர்’னு போட்டு பேட்ஜ் குத்திவிடலாமா?

தீர்ப்புச் சொல்ல என்றால் கூடாது. பிள்ளைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் எழுதியதில் ஒரு சோதனை உண்டு. ஒரு பையன் தெரியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்துவிட்டான், இன்னொருவன் ஜாம் திருட ஏறி ஒரு கோப்பையை உடைத்தான். யார் மேல் தப்பு அதிகம்? சின்னப் பிள்ளைகள் பலர் 15 உடைத்தவனைக் காட்டினார்கள். நோக்கத்தைவிட உடைந்தது எவ்வளவு என்பதே அவர்கள் கண்ணில் முதலில் படுகிறது. அந்த வயதுப் பிள்ளையை நீதிபதியாக்கினால், கால் தடுக்கித் தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்தவனுக்கே பெரிய தண்டனை கிடைக்கும்.

ஏழு வயதுக்கு மேல் ‘பாய்த் துணை’ என்று ஒரு வேலை வைக்கலாம். பாயை விரிப்பது, தண்ணீர் கொண்டு வருவது, மேலே சொன்ன மூன்று கேள்விகளை மட்டும் கேட்பது. வேறு வார்த்தை பேசக் கூடாது, பெயர் எழுதக் கூடாது, டீச்சரிடம் போய் யார் தப்பு என்று சொல்லக் கூடாது. இருவராக இருக்கட்டும். மற்ற வேலைகளைப் போலவே இதுவும் முறை சுற்றி வரட்டும், பேட்ஜ் வேண்டாம். நேற்று பாயில் உட்கார்ந்து அழுதவன் இன்று துணையாக இருக்கும்போது அவன் கேட்கும் விதமே வேறாக இருக்கும்.

அடிச்ச பிள்ளைய ஸாரி சொல்ல வைக்கணும்ல?

வாயால் வரவழைத்த ஸாரியில் இருவருக்குமே நம்பிக்கை இருக்காது. அடித்தவருக்கு அது தப்பிக்கும் வழி, அடிபட்டவருக்கோ வலி அப்படியே இருக்கும். கையால் செய்யும் பரிகாரத்தைக் கேளுங்கள். கோபுரத்தை இடித்தவர் திரும்ப அடுக்க உதவட்டும், படத்தைக் கிழித்தவர் பசை கொண்டு வரட்டும், தள்ளி விழவைத்தவர் ஈரத்துணி எடுத்து வரட்டும். அடிபட்ட பிள்ளை, “நீ கிட்ட வராத” என்றால் அதையும் மதியுங்கள். அப்போது ஈரத்துணியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

எப்பப் பாத்தாலும் “மிஸ், இவன் கிள்ளிட்டான்”னு வந்து நிக்கறாங்க. கோள் சொல்லாதன்னு அதட்டலாமா?

அதட்டினால் நாளை உண்மையான ஆபத்தையும் சொல்லாமல் விடும். இரண்டு கேள்வியில் பிரித்துக்கொள்ளுங்கள்: “யாருக்காவது வலிக்குதா, பயமா இருக்கா?” ஆமாம் என்றால் எழுந்து போங்கள். இல்லை என்றால், “அவங்கிட்டயே சொன்னியா? என்னன்னு சொல்லப் போற?” என்று கேட்டு வாக்கியத்தை அங்கேயே ஒருமுறை சொல்லிப் பார்க்க வைத்து அனுப்புங்கள். பெயர் எழுதும் வழக்கம் நின்ற வகுப்பில் இந்தப் புகார்கள் மெல்லக் குறையும். பிறர் தப்பைக் கொண்டு வந்து கொடுத்தால் டீச்சரிடம் மதிப்பு என்று கற்றுக் கொடுத்ததே அந்த வழக்கம்தான்.

ஆட்டத்துல சேத்துக்கலன்னு தினமும் ஒருத்தி அழறா. “சேத்துக்கோங்க”ன்னு சொன்னா போதுமா?

சொன்னால் சேர்ப்பார்கள், நீங்கள் திரும்பியதும் அவளை அவுட் ஆக்கிவிடுவார்கள். நம் தெருவிளையாட்டில் இதற்கு ஒரு வழி இருந்தது. ஆட முடியாத வாண்டை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், பிடிபட்டாலும் அவுட் இல்லை. மிகச் சின்னவர்களுக்கு இது அருமையான இடம். சம வயதுப் பிள்ளைக்கோ அதே இடம் அவமானம்.

சம வயது என்றால் ஆட்டத்தின் உள்ளே உண்மையான வேலை ஒன்றோடு அனுப்புங்கள். சாப்பாட்டுக்கடை விளையாட்டென்றால், “சாப்பிட ஒரு ஆள் வந்திருக்காங்க, இலை போடுங்க.” அணி பிரிப்பதைத் தலைவர்கள் ஆள் பொறுக்கும் முறையில் விடாதீர்கள். கடைசியாக மிஞ்சுபவர் தினமும் ஒரே பிள்ளையாக இருப்பார். சா பூ த்ரீ போட்டுப் பிரிக்கட்டும்.

பெருக்கறது பொண்ணுங்க, பெஞ்சு தூக்கறது பசங்கன்னு தானா அமையுது. அதுல எதுக்குத் தலையிடணும்? சில பெத்தவங்க “எங்க பிள்ள தண்ணி ஊத்தணுமா”ன்னும் கேக்கறாங்க.

தானாக அமைவதில்லை, வீட்டிலும் தெருவிலும் பார்த்தது வகுப்புக்குள் வருகிறது. சீட்டுக் குலுக்கும் முறை இதற்காகவும்தான். துடைப்பமும் மணியும் ஒரே டப்பாவிலிருந்து வர வேண்டும். கோலப்பொடி பையன் கைக்கும், பாய்ச் சுருள் பெண் பிள்ளை தோளுக்கும் போகட்டும்.

தண்ணீரும் சாப்பாடும்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவை. யார் ஊற்றினால் யார் குடிக்கிறார்கள், யார் ஊற்றும் நாளில் யாருக்குத் திடீரென்று தாகமில்லை என்பதைக் கவனியுங்கள். சாதி சின்ன வகுப்பில் இப்படித்தான் நுழைகிறது. ஊற்றும் வேலை விதிவிலக்கில்லாமல் எல்லாக் கையாலும் நடக்க வேண்டும். பெற்றோர் கேட்டால் ஒரே பதில்: இது எல்லாப் பிள்ளைக்கும் வரும் முறை, யாருக்கும் தள்ளுபடி இல்லை. தனிச்சலுகை ஒன்று கொடுத்தாலும் வகுப்பு முழுவதும் அதன் காரணத்தைப் புரிந்துகொள்ளும். 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகரவரிசையில் உட்கார வைக்கப் பரிந்துரைத்தது. பெரிய வகுப்பில் அப்படிப் பிரித்து உட்கார வைக்க வேண்டிய நிலைக்கு வரும் முன், நான்கு வயதில் ஒரே ஜக்கில் தண்ணீர் குடித்துப் பழகியிருக்கலாம்.

எங்க ஸ்கூல்ல அஞ்சு வகுப்புக்கும் ஒரே ரூம். இதெல்லாம் நடக்குமா?

இன்னும் எளிதாக நடக்கும். ஜோடியில் ஒருவர் மூன்றாம் வகுப்புக்கு மேல், ஒருவர் கீழே. பெரியவர் செய்து காட்ட வேண்டும், செய்து கொடுக்கக் கூடாது என்பதை மட்டும் வாரத் தொடக்கத்தில் சொல்லுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ‘சின்னவங்கள பாத்துக்கோ’ என்று பொதுவாக விட்டுவிடாதீர்கள். அது டீச்சர் வேலை, அவர் படிப்பும் கெடும்.

எப்பவும் அதே பையன்தான் அதே பிள்ளைய அடிக்கறான். அப்பவும் பாய்தானா?

இல்லை. இருவரும் ஏறக்குறைய சமமாக மோதிக்கொண்ட சண்டைக்குத்தான் பாய். ஒருவர் திரும்பத் திரும்ப அடிக்க, மற்றவர் திரும்பத் திரும்ப வாங்கினால், அவர்களை எதிரெதிரே உட்கார வைத்து, “ரெண்டு பேரும் என்ன செய்யலாம்?” என்று கேட்பது அடிபட்ட பிள்ளைக்கு இன்னொரு அடி. முதலில் அடி நிற்க வேண்டும். உட்காரும் இடம், கழிப்பறைக்குப் போகும் நேரம், வரிசை எல்லாவற்றையும் பிரியுங்கள். அடிபட்ட பிள்ளையிடம் தனியே பேசுங்கள், அடிப்பவரிடமும் தனியே. இரு வீட்டுக்கும் ஒரே வாரத்தில் தகவல் போகட்டும். அடிக்கும் பிள்ளையே வீட்டில் அடிவாங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

உடம்பில் கூடாத இடத்தில் தொட்டதாகப் பிள்ளை சொன்னால் வகுப்பு விசாரணை எதுவும் கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அது புகார் செய்யப்பட்டே ஆக வேண்டும், பள்ளிக்குள் பேசி முடிக்க இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098. தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417.

இப்படியெல்லாம் விட்டா டீச்சர் மேல இருக்கற பயம் போயிடாதா?

பயம் போகும், சொல்லுக்கு மதிப்பு இருக்கும். சிலவற்றைப் பிள்ளைகளிடம் விடவே கூடாது: பாதுகாப்பு, மருந்து, யார் யாரோடு வீட்டுக்குப் போவது, அடி விழும்போது தடுப்பது. இவற்றில் உங்கள் சொல்தான் கடைசி, ஓட்டெடுப்பு இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். மீதியில் பிள்ளைகள் உங்களையும் அதே விதியில் வைத்துப் பார்ப்பார்கள். “மிஸ், நீங்களும்தான் கத்துனீங்க” என்று ஒருநாள் யாராவது சொல்லும். அப்போது பாய்க் கேள்விகள் உங்களுக்கும் பொருந்தும்: என்ன நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று எல்லார் முன்னாலும் பதில் சொல்லுங்கள். சொன்ன பிள்ளையின் கிளிப்பை அந்த வாரம் கயிற்றிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.